பத்தடி தள்ளி இருந்த டாக்டர்

டாக்டர் மங்கையர்க்கரசி இறந்துபோன செய்தி குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அதற்கு மேலே இருந்த செய்தி, மூன்றாவது குறுக்குத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராதது பற்றியது. கீழே இருந்தது, யாருடைய வீட்டு மாடியோ வாடகைக்கு. நடுவில், "நம் பகுதியின் அன்பான மருத்துவர், எப்போதும் சிரித்த முகம், மாரடைப்பால் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்" என்று இருந்தது. வரிசையாக நாற்பது பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

என் ரத்தப் பரிசோதனை லேப்பைத் திறந்து விளக்கைப் போட்ட கையோடு படித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். எப்போதும் சிரித்த முகமா? பதினெட்டு வருடம் அவருக்குப் பத்தடி தள்ளி இருந்தவன் சொல்கிறேன், அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது மொத்தமே மூன்று தடவை. அதில் இரண்டு தடவை என் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர் கோபக்காரர். அவரிடம் திட்டு வாங்காத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. செத்த அன்றைக்கே அவர் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் போட்டவர் சங்கச் செயலாளர் நாகராஜன் சார். ஆறு வருடம் முன்பு இதே குழுவில், "தலைவலிக்குப் போனால் கண் போகும், ஸ்டீராய்டு டாக்டரிடம் ஜாக்கிரதை" என்று போட்டவரும் அவரேதான். மறுநாள் எனக்குப் போன் செய்தார்.

"குமரேசன் சார், நீங்க பக்கத்துலயே இருந்தவரு. ஞாயித்துக்கிழமை அஞ்சலிக் கூட்டம் வெச்சிருக்கோம், ஒரு சின்ன நினைவு மலர் போடறோம். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. அரைப் பக்கம் போதும்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இது அரைப் பக்கத்தில் அடங்காது, எல்லாம் நல்லதாகவும் இருக்காது. அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டியவர்கள், கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள், அவரை நம்பியவர்கள், பிறகு நம்பாமல் போனவர்கள், எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாடம்பாக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மருந்துக்கடை, அதை ஒட்டி அவருடைய கிளினிக், அடுத்த கதவு என் லேப். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து இங்கே கிளினிக் போட்டார். தனி மனுஷி. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. ஸ்கூட்டரில் வருவார், ஸ்கூட்டரில் போவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆனாலும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசுவார். திட்டும்போதும் 'நீங்க'தான். அதனாலேயே அது இன்னும் சுள்ளென்று உறைக்கும்.

லேப் ஆரம்பித்த புதிதில் முழங்கால் வலி என்று வந்த ஒரு பெரியவருக்கு இ.எஸ்.ஆர். பார்க்கச் சொல்லி அனுப்பினார். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரத்தத்தை ஒல்லியான உயரமான கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரம் நேராக நிற்க வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இருபது, முப்பதுக்குள் இருந்தால் பயமில்லை; உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சரசரவென்று இறங்கும். பெரியவருக்குத் தொண்ணூற்றாறு காட்டியது. டாக்டர் பயந்துபோய், அது இருக்குமோ இது இருக்குமோ என்று ஏழெட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். எல்லாம் சுத்தம். கடைசியில் பார்த்தால் என் குழாய் சாய்ந்து நின்றிருக்கிறது. குழாய் சாய்ந்தாலும், அதிர்ந்தாலும் கணக்கு கூடிவிடும். பக்கத்து மேசையில் ஓடிய இயந்திரம் ஆட்டிய ஆட்டத்தில் அது மெல்லச் சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை கையில் கொத்தனாரின் ரசமட்டத்தோடு லேப்புக்குள் வந்தார். குழாய் நிறுத்தும் சட்டத்தின் மேல் அதை வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது.

"பாத்தீங்களா குமரேசன்? உங்க மேசை கோணலுக்கு அந்த மனுஷன் மூணு நாளா சோறு தின்னல. கேன்சர்னு நெனச்சு பொண்டாட்டிகிட்ட நகையெல்லாம் எங்க இருக்குன்னு சொல்லி வெச்சுட்டாரு."

லேப்பில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கு எதிரில்தான் திட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றிலிருந்து அதிகமாக எந்த எண் வந்தாலும் எனக்குள் முதலில் எழும் கேள்வி, 'நோயாளிக்கு என்ன?' என்பதல்ல, 'என் குழாய் சாய்ந்திருக்கிறதோ?' என்பதுதான். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கோபத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு சொல்லின் மேல்தான். 'வயசானா அப்படித்தான்.' இதை யார் சொன்னாலும், அது பேராசிரியராக இருந்தாலும் சரி, மருந்துக்கடைக்காரராக இருந்தாலும் சரி, விட மாட்டார். "வயசானா தலை நரைக்கும், பல்லு விழும். வயசானா புதுசா தலை வலிக்கும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? காட்டச் சொல்லுங்க, நான் கிளினிக்கை மூடிட்டுப் போறேன்" என்பார். ஐம்பது தாண்டியவர் யார் வந்து தலைவலி என்றாலும் அவருக்கு மூன்று கேள்விகள் உண்டு. தலை வாரும்போது சீப்புப் பட்டால் வலிக்கிறதா? சாப்பிடும்போது பாதியில் தாடை கடுத்துப்போய் நிறுத்துகிறீர்களா? கண்ணில் எப்போதாவது திரை விழுந்த மாதிரி மறைத்துவிட்டு விலகியதா? கேட்டுக்கொண்டே எழுந்து வந்து, இரண்டு கை விரல்களாலும் நெற்றிப்பொட்டைத் தடவிப் பார்ப்பார்.

பீர்க்கன்கரணையிலிருந்து முனுசாமி என்ற ஆட்டோக்காரர் தன் அம்மாவை அழைத்து வந்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டு மாதமாகத் தலைவலி. தைலம் போட்டார்கள், மந்திரித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கிளினிக் கதவு திறந்தே இருந்ததால் பேச்செல்லாம் என் லேப்புக்குக் கேட்டது.

"சப்பாத்தி சாப்பிட்டா முழுசா சாப்பிட முடியுதாம்மா?"

"இன்னா டாக்டரம்மா, தலவலின்னு இட்டாந்தா சப்பாத்தியப் பத்தி கேக்குறீங்கோ?" என்று முனுசாமி சிரித்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பாதி துன்னா போதும், தாடை கடுத்துக்குது. கொஞ்ச நேரம் சும்மா குந்திகினு அப்புறம்தான் மீதிய துன்னுவேன்" என்றார்.

டாக்டர் முனுசாமியின் விரலைப் பிடித்து அவர் அம்மாவின் நெற்றிப்பொட்டில் வைத்தார். "என்ன தட்டுப்படுது?" "கவுறு மாதிரி கீது." "அது கயிறு இல்ல, ரத்தக்குழாய். வீங்கிக் கெட்டியாயிருக்கு. இதே வீக்கம் கண்ணுக்குப் போற குழாயில வந்துச்சுன்னா ஒரே நாள்ல கண்ணு போயிடும், அப்புறம் எந்த ராஜா வைத்தியத்துக்கும் திரும்பாது. தலைவலி அதுக்கு முன்னாடி அடிக்கிற மணி. ஸ்டீராய்டு மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. ஆனா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க." அந்த அம்மாள் இன்றைக்கும் தானே அரிசியில் கல் பொறுக்குகிறார். டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ் என்று அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. முனுசாமி அதை 'சப்பாத்தி நோவு' என்றுதான் இன்னமும் சொல்கிறார்.

நம் ஊரில் அது அரிதான நோய், இதற்குப்போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வேறு டாக்டர்கள் கேலி பேசியதுண்டு. "தேடாதவனுக்கு எல்லாமே அரிதுதான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். ஏன் இதிலேயே இப்படி நிற்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, நோயாளிகள் யாரும் இல்லை.

"அரசு ஆஸ்பத்திரியில புதுசா சேர்ந்தப்போ அனகாபுத்தூர்லேருந்து ஒரு நெசவுக்காரம்மா வந்தாங்க குமரேசன். தலைவலி, நூல் ரெண்டா தெரியுதுன்னு சொன்னாங்க. வரிசையில எம்பது பேரு. வயசாச்சும்மா, கண்ணாடி மாத்துங்கன்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு அழைச்சுட்டு வந்தாரு. ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அந்தம்மா என்னைத் திட்டவே இல்ல. நீங்கதான் அந்த டாக்டரான்னு குரலை வெச்சுக் கேட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் கோபப்பட்டதெல்லாம் முதலில் தன் மேல்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இனி ஞானசௌந்தரி டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

ஆறு வருடம் முன்பு டீச்சருக்கு எழுபது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். நான்கு மாதமாகத் தலைவலி. தாடை வலி என்று பல் டாக்டரிடம் போனார், இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். கண் மங்குகிறது என்று கண்ணாடிக்கடைக்குப் போனார், புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை, வயசானா அப்படித்தான் என்று அனுப்பினார்கள். ஆளாளுக்கு உடம்பில் ஒரு துண்டைப் பார்த்தார்கள். முழு ஆளை ஒருவரும் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை மங்கையர்க்கரசி டாக்டரிடம் வந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார். அன்று காலையில்கூட வலது கண்ணில் ஐந்து நிமிடம் திரை விழுந்து விலகியதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். "மாத்திரையை வாங்கி வீட்டுக்குப் போனதும் போடுங்க, நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரியில சேர்க்க ஏற்பாடு பண்றேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுக்க என்னிடம் அனுப்பினார். டீச்சரோடு வந்த மகன் ஜெபராஜின் முகம் சரியாக இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சீட்டில் இருந்த மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, செல்போனில் தேடிக்கொண்டே இருந்தார்.

குழாயை ஐந்தே முக்காலுக்கு நிறுத்தினேன். ஆறே முக்காலுக்குப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு.

அந்தச் சமயத்தில் எதிர் வீட்டில் சலவைக்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. சரி, இதுவும் அந்தத் தொண்ணூற்றாறு மாதிரிதான் என்று நினைத்தேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் மறுபடியும் ரசமட்டத்தோடு வருவார், மறுபடியும் நாலு பேர் எதிரில் மானம் போகும் என்று நினைத்தேன். அப்போதே இன்னொரு குழாய் போட்டிருக்கலாம், ஒரு மணி நேரம்தான். ஆனால் பெருங்களத்தூரில் மைத்துனர் மகனின் கல்யாண வரவேற்பு. ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். காலையில் டீச்சரை வரச்சொல்லிப் புது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் அன்றைக்குக் கோணலே இல்லை. ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

ஏழு மணிக்கு ஜெபராஜ் போன் செய்தார். "சார், எக்கச்சக்கமா ஸ்டீராய்டு எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு சுகர் வேற இருக்கு. ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தாதான் குடுக்கலாம்னு நெனைக்கிறேன். ஏதாவது இருக்கா?"

"இன்னும் முடியல சார். காலைல பாத்துக்கலாம்" என்றேன்.

குழாய் என் கண்ணுக்கு எதிரில்தான் நின்றது. பத்தடி தள்ளி டாக்டர் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும். எட்டரை மணிக்கு வரவேற்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. டாக்டரின் பெயர் தெரிந்தது. ரிப்போர்ட் என்னவாயிற்று என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. வாயில் ஜாங்கிரி இருந்தது.

மாத்திரை போடாமலே படுத்த டீச்சர் காலையில் கண் விழித்தபோது வலது கண் இருண்டிருந்தது.

டாக்டரே காரில் கூடப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வைத்தார். நெற்றிப்பொட்டிலிருந்து துளி ரத்தக்குழாயை எடுத்துப் பரிசோதித்து, அதே நோய்தான் என்று உறுதி செய்தார்கள். இடது கண் பிழைத்தது. மருந்து இல்லாவிட்டால் அதுவும் சில நாட்களில் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வலது கண் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் அவர் லேப்புக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றுப் பதினெட்டு, சலவைக்கல், ஜெபராஜ் போன், ஜாங்கிரி, எல்லாம். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஏன் வந்து சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் மேடம்."

ரத்தம் எடுக்கும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ அந்தக் கண்ணுல பாதியை என் வாய்தான் எடுத்துச்சு" என்றார். "மீதியை என் கையெழுத்து எடுத்துச்சு. மாத்திரையை எழுதிக் குடுத்தேன். வாயில போட்டு அனுப்பியிருக்கணும்."

நான் என்னவென்று சொல்வேன்? இல்லை மேடம், அது முழுக்க என்னால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறு இல்லை. அன்றிலிருந்து அந்த மாத்திரைகளைத் தன் மேசை இழுப்பறையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்துத்தான் அனுப்புவார்.

ஊர் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே அந்த ஊர். மருந்தினால் டீச்சரின் முகம் உப்பி உருண்டையானது, சர்க்கரை ஏறியது. ஒரு பக்கம் பார்வை இல்லாமல் கோயில் படியில் அவர் தடுமாறியதைப் பார்த்தீர்கள். ஸ்டீராய்டு கொடுத்துக் கண்ணைக் குருடாக்கிவிட்டாள் என்றீர்கள். டாக்டர் மெத்தனமாக இருந்து வைத்தியத்தைத் தாமதப்படுத்திவிட்டாள் என்றும் நீங்களே சொன்னீர்கள். மருந்து கொடுத்ததால் போனதா, கொடுக்காததால் போனதா? இரண்டில் ஒன்றைக்கூடத் தீர்மானிக்காமல் இரண்டையும் ஒரே வாயால் பேசினீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அவர் வாசலில் கிடந்தது. பாவம் பத்தடி தள்ளி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு குழாய் கழுவிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் உட்கார இடம் இல்லாமல் நின்ற கூட்டம் ஆறு மாதத்தில் நாலைந்து பேராகச் சுருங்கியது. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக் ஒன்று வந்தது, எல்லோரும் அங்கே போனீர்கள். ஒரு நாள் தாங்க முடியாமல், "மேடம், நான் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? உங்க லேப்பை மூடுவாங்க. அப்புறம் இங்க எடுக்கற ரத்தம் தாம்பரம் போய்ச் சேரவே சாயங்காலமாயிடும். எனக்குப் பத்தடியில ஒரு குழாய் வேணும் குமரேசன். உங்க மானம் எனக்கு முக்கியமில்ல, குழாய்தான் முக்கியம். வேலையைப் பாருங்க."

நான் வேலையைப் பார்த்தேன். எனக்கு அப்போது வந்தது வருத்தமல்ல, நிம்மதி. அதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. மாதா மாதம் டீச்சர் இ.எஸ்.ஆர். பார்க்க என்னிடம்தான் வருவார். ஊசி குத்தும்போது, "வலிக்காம எடுக்கறீங்க தம்பி, நல்லா இருங்க" என்பார். ஆறு வருடம் அந்த வாழ்த்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். சங்கக் கட்டடத்தில் மேடை, பேனர், பேனரில் எங்கிருந்தோ பிடித்த சிரித்த படம். நாகராஜன் சார் பேசினார். பொன்மனம் என்றார், தாயுள்ளம் என்றார். ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது அந்தத் தாயுள்ளத்தின் வாசலை அவர் ஐந்து வருடமாக மிதிக்கவில்லை. பின்வரிசையில் முனுசாமி நின்றுகொண்டு, "அன்னிக்கு இன்னா சொன்னே, இன்னிக்கு இன்னா சொல்றே" என்று முணுமுணுத்தார். யாரும் திரும்பவில்லை.

பிறகு ஞானசௌந்தரி டீச்சர் எழுந்து மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கிவிட்டது.

"டாக்டரம்மா மேல எனக்கு ரொம்ப நாளா மனத்தாங்கல் இருந்துச்சு. அன்னைக்கு ரிப்போர்ட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தாங்கன்னா, என் பையன் மாத்திரையைக் குடுத்திருப்பான். என் கண்ணு இருந்திருக்கும். கேக்காம விட்டுட்டாங்க. அவங்களும் மனுஷிதானே. இந்த இடத்துல, எல்லாருக்கும் முன்னால, கர்த்தர் சாட்சியா நான் அவங்களை மன்னிக்கிறேன்."

கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்காமல் விட்டாரா? எட்டரை மணிக்குப் போன் செய்து கேட்டாரே. அந்தக் கைதட்டல் ஓயும்வரைகூட என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கத்தினேன். ஆமாம், கத்தினேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. நூற்றுப் பதினெட்டு என்று சொன்னேன், ஆறே முக்கால் மணி என்று சொன்னேன், அவர் போன் செய்தார், நான்தான் எடுக்கவில்லை என்று சொன்னேன்.

"சார், சார், இது அஞ்சலிக் கூட்டம். இதெல்லாம் இங்க எதுக்கு? உக்காருங்க" என்று நாகராஜன் சார் ஓடி வந்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் டீச்சர், மைக்கிலேயே. என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, பார்வை இருக்கும் கண்ணால் என்னைத் தேடினார். "குமரேசன் தம்பி, என் பையன் உங்களுக்குப் போன் பண்ணப்போ ரிப்போர்ட் உங்க கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு டீச்சர்."

"ஆறு வருஷமா என் கையைப் பிடிச்சு ரத்தம் எடுக்கறீங்களே. ஒரு மாசம்கூட இதைச் சொல்ல வாய் வரலியா?"

டீச்சர் மைக்கை விடவில்லை.

"அந்தம்மாவை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேனே. வழியில பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேனே. இப்போ நான் எங்க போய் மன்னிப்பு கேக்கறது?" மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தார். "மன்னிக்கிறது எனக்குப் பழக்கம்தான். ஆனா உங்களை இன்னைக்கு முடியாது தம்பி."

யாரும் கை தட்டவில்லை. கூட்டம் அத்தோடு கலைந்தது.

மறுநாள் லேப்பைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. இனி வர மாட்டார்கள், மூடிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார்.

"இந்த மாச இ.எஸ்.ஆர். பாக்கணும்."

எடுத்தேன். வலிக்காம எடுக்கறீங்க என்று அவர் சொல்லவில்லை. நல்லா இருங்க என்றும் சொல்லவில்லை. குழாயில் ஏற்றி நிறுத்தினேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் டீச்சர். நீங்க வீட்டுக்குப் போங்க, நான் போன்ல..."

"வேண்டாம். இங்கயே உக்காந்து பாக்கறேன்."

நாற்காலியைக் குழாய்க்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர் பரீட்சை ஹாலில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்றைக் கண் குழாயை விட்டு நகரவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன். எங்கேயும் போகத் தோன்றவில்லை. நேரம் ஆனதும் எண்ணைப் படித்தேன்.

"பதினாறு."

"தள்ளுங்க, நானே பாக்கறேன்" என்று எழுந்து வந்து, குழாயில் முகத்தை ஒட்டி வைத்துக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் உக்காந்துதான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் மங்கையர்க்கரசியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால், இதுதான் என்பேன். அவர் யாரையும் நம்பி விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல, நின்று பார்க்கிறவர். என்னை மட்டும் ஒரு நாள் நம்பி விட்டுவிட்டுப் போனார். இனி யாரும் என்னை அப்படி நம்ப வேண்டாம். இப்போது லேப்பில் குழாய்க்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். வாருங்கள், உட்காருங்கள், நீங்களே எண்ணிப் பாருங்கள்.